எட்டாவது தடத்தில் பன்னிரண்டு பேர்
பலதட ஒலிநாடாக் கருவிகளை ஒப்பிடுவது பற்றிச் சில குறிப்புகள்

1

வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு தோழரின் வீட்டுப் பரணிலிருந்து தகரப்பெட்டி ஒன்றை இறக்கினோம். உள்ளே மூன்று பொருள்கள் இருந்தன. ஒன்று, அரை அங்குல அகல நாடா சுற்றிய பெரிய ஸ்பூல். இரண்டாவது, பாகூர் வயல் வரப்பில் வைத்துப் பதிந்த சாதாரண கேசட். மூன்றாவதும் கேசட்தான், ஆனால் அதன்மேல் சிவப்பு மையில் 'சாதா டெக்கில் போடாதே' என்று எழுதியிருந்தது. மூன்றிலும் இருப்பது ஒரே நடவுப் பாட்டு. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த தலித் கூலிப்பெண்கள் பாடியது. எண்பதுகளின் கடைசியில், ஏறத்தாழ நான் பிறந்த காலத்தில், ஒரு கலைக்குழு அதை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் 'இசை சேர்த்து' கேசட்டாக்கியது. சிறுவனாக அந்தக் கேசட்டை நான் கேட்டிருக்கிறேன். நம் கூட்டங்கள் தொடங்குமுன் போடுவார்கள்.

ஸ்பூல் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது. எந்தத் தடத்தில் (ட்ராக்) என்ன பதிவாகியிருக்கிறது என்று ரெக்கார்டிஸ்ட் எழுதிவைக்கும் தாள் அது. ஒன்றில் தபலா, இரண்டில் டோலக், மூன்றில் பேஸ் கிடார், நான்கில் கீபோர்டு, ஐந்தில் புல்லாங்குழல், ஆறில் வயலின், ஏழில் ஆண்குரல். முதல் ஏழுக்கும் எதிரே வாசித்தவர், பாடியவர் பெயர்கள் இருந்தன. எட்டாவதற்கு எதிரே 'கோரஸ் – லேடீஸ் 12' என்று மட்டும். பாட்டு அவர்களுடையது. மெட்டு அவர்களுடையது. ஆனாலும் பன்னிரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு தடம், பெயரில்லாமல். வில்லியனூர்த் தேரில் வடத்தைத் தொட்டுத் தொடங்கிவைக்கும் ஆளுநரின் படம் மறுநாள் பேப்பரில் வருகிறது, நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற ஊர்க்கைகள் வருவதில்லை. அந்தக் கதைதான் இதுவும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருடைய பேரன் எங்களோடு இருந்தான். தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "எங்க ஆயா கொரல மட்டும் தனியா எடுத்துக் குடுக்க முடியுமாண்ணா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் நாடாக் கருவிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். பிரதி எங்கே உற்பத்தியாகிறது என்று பத்து வருஷமாக எழுதுகிற நாம், குரல் எதில் பதிவாகிறது என்று கேட்காமல் விட்டது ஏன் என்பதே என் எதிர்க்கேள்வி.

2

நாடா என்பது ஒரு நிலம். பிளாஸ்டிக் பட்டையின்மேல் இரும்பு ஆக்சைடுத் துகளைப் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். ஹெட் என்கிற காந்தமுனையை உரசி நாடா ஓடும்போது ஒலியின் ஏற்ற இறக்கம் துகள்களில் காந்த அடையாளமாகத் தங்குகிறது. ஒரே நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்தால் அதுதான் பலதடம். பாத்திகளுக்கு நடுவே வெறுமையாக விடப்படும் இடம் வரப்பு. வரப்பு ஒல்லியானால் தண்ணீர் அடுத்த பாத்திக்குக் கசியும். தபலா, வயலின் தடத்தில் லேசாகக் கேட்கும்.

இங்கே இரண்டு கணக்குகள் உண்டு. முதலாவது அகலம். தடத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 3 டெசிபல் குறைகிறது. இரண்டாவது வேகம். நாடா வேகமாக ஓடினால் ஒரு நொடி ஒலிக்கு அதிக நிலம் கிடைக்கிறது. உச்ச ஒலிகள் துலக்கமாகின்றன, இரைச்சல் குறைகிறது. ஆனால் நாடா சீக்கிரம் தீர்ந்துபோகிறது. 2500 அடி நாடா, நொடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிஷம் வரும், 30 அங்குல வேகத்தில் அதில் பாதிதான். ஆக, நல்ல ஒலி என்பது எவ்வளவு நிலம் வாங்கக் காசு இருக்கிறது என்பதே. கொஞ்சம் கொச்சையாகச் சொல்கிறேன், ஆனால் பொய்யில்லை.

இந்தக் கணக்கை வைத்துக் கருவிகளை வரிசைப்படுத்தலாம். மேலே இருப்பவை இரண்டங்குல நாடாக் கருவிகள்: சுவிட்சர்லாந்தின் ஸ்டூடர், ஜப்பானின் ஓட்டாரி, அமெரிக்காவின் ஆம்பெக்ஸ், எம்.சி.ஐ. இரண்டங்குலத்தில் 16 தடம் போட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 1.8 மில்லிமீட்டர். 24 போட்டால் சுமார் 1.1. பதினாறுதடப் பதிவின் அடிஒலி கனமாக இருக்கிறது என்று பழைய ரெக்கார்டிஸ்ட்டுகள் சொல்வதில் இந்த அகலத்துக்கும் பங்குண்டு. 1978இல் வந்த ஸ்டூடர் ஏ800 நாடாவின் ஓட்டத்தை மைக்ரோபிராசசரால் கட்டுப்படுத்தியது. ஓட்டாரி எம்.டி.ஆர்.90 நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையே இல்லாமல் ஓட்டியது, நாடாவுக்குக் காயம் குறைவு. நூற்றுக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஓட்டித் திருத்துகிற பெரிய ஸ்டூடியோவுக்கு இவை தேவைப்பட்டன.

அடுத்த படியில் அரை அங்குலத்தில் எட்டுத்தடம். டாஸ்கம் 38 இந்த வகை. நொடிக்கு 15 அங்குலம், தடத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இரண்டங்குல 24 தடத்தின் ஒரு தடத்துக்கு இது அகலத்தில் அவ்வளவு தாழ்ந்ததில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஃபாஸ்டெக்ஸ் நிறுவனம் நிலத்தை இன்னும் துண்டாடி, கால் அங்குலத்தில் எட்டு, அரை அங்குலத்தில் 16 என்று போட்டது. தடத்துக்கு அரை மில்லிமீட்டர்தான். அந்த இரைச்சலைச் சமாளிக்க டால்பி சி என்கிற இரைச்சல் குறைப்பியைக் கருவிக்குள்ளேயே வைத்தார்கள். சின்ன ஸ்டூடியோக்களும் வீட்டு அறைகளும் ஒலிப்பதிவுக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

கடைசிப் படி கேசட். 1979இல் டியாக் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ 144, வெறும் 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரண கேசட்டில் நான்கு தடங்களை ஒரே திசையில் போட்டது. கேசட்டின் வழக்கமான வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகம். 60 நிமிஷ கேசட் இதில் 15 நிமிஷம்தான் வரும். பக்கம் மாற்றிப் போட முடியாது.

பெட்டியில் இருந்த சிவப்பு மைக் கேசட் இந்த ஜாதி. சாதா டெக்கில் போட்டால் இரண்டு தடங்கள் பாதி வேகத்தில் பிசாசுபோல இழுக்கும், பக்கம் மாற்றிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னிருந்து முன்னாக ஓடும். 'கெட்டுப்போன கேசட்' என்று நினைத்து யாரோ அதன்மேல் ஒரு கூட்டப் பேச்சைப் பதியப்போனதாகவும், கடைசி நிமிஷத்தில் தடுத்ததாகவும் வீட்டுத்தோழர் சொன்னார். அந்த எச்சரிக்கை பிறந்த கதை அது.

3

பலதடத்தின் சூட்சுமம் பாத்திகளில் மட்டும் இல்லை, காலத்தில் இருக்கிறது. சாதாரணக் கருவியில் பதியும் ஹெட்டும் கேட்கும் ஹெட்டும் தள்ளித்தள்ளி இருக்கும். ஏற்கெனவே பதிந்ததைக் கேட்டபடி புதிதாகப் பாடினால், இடைவெளியின் அளவுக்குப் பாட்டு பிந்திவிடும். பதியும் ஹெட்டையே அந்தந்தத் தடத்தில் கேட்பதற்கும் பயன்படுத்தி ஆம்பெக்ஸ் இதைத் தீர்த்தது. 1957இல் கிடார் கலைஞர் லெஸ் பாலுக்கு அவர்கள் கொடுத்த ஓரங்குல எட்டுத்தடக் கருவி இந்த வழியில் வேலை செய்தது. அதன்பிறகு ஒன்றாகக் கேட்பவர்கள் ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை.

நம் சினிமாப் பாட்டு நெடுங்காலம் வேறுமாதிரி இருந்தது. வாத்தியக்காரர்கள், பாடகர்கள் எல்லோரும் ஒரே வேளையில் கூடி, ஒரே டேக்கில் பதிவார்கள். கடைசி வரிசை வயலின்காரர் ஒரு ஸ்வரம் பிசகினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. இதில் கொடுமையும் உண்டு, ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் உண்டு. பலதடம் வந்தபின் 'ட்ராக் பாடுவது' என்று ஒரு தொழிலே உண்டாயிற்று. பெரிய பாடகர் வரும்வரை இடம்பிடித்து வைக்கப் பாடுகிறவர். அவர் பாட்டைக் கேட்டு மற்றவர் பாடியபின் இவர் குரல் அழிக்கப்படும். தடம் என்பது பதிவுசெய்யும் இடம் மட்டுமல்ல, துடைத்துவிடக்கூடிய இடமும்தான்.

திரைப்பட நடிகரின் நடிப்பு துண்டுதுண்டாக எடுக்கப்பட்டு வெட்டுமேசையில் முழுமையாக்கப்படுவதை பெஞ்சமின் 1936இலேயே பேசினார். ஒழுங்குபடுத்தும் அதிகாரம் வெளியை அறைகளாகப் பிரித்து ஆளுக்கொரு இடம் ஒதுக்குவதை ஃபூக்கோ 1975இல் எழுதினார். இருவரையும் நாம் வேண்டிய மட்டும் மேற்கோள் காட்டியாகிவிட்டது. ஸ்டூடியோத் தாளில் இந்த இரண்டும் ஒரே கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைத்தான் நான் காட்ட விரும்புகிறேன். தாளம் முதலில் பதிவாகிறது. அதன்மேல் கீபோர்டு. அதன்மேல் குழல், வயலின், ஆண்குரல். எல்லாம் முடிந்தபின் பன்னிரண்டு பெண்களை ஹெட்போன் மாட்டி உள்ளே விடுகிறார்கள். தங்கள் பாட்டுக்குள்ளேயே அவர்கள் கடைசியாக வந்த விருந்தாளிகள். கீபோர்டின் ஸ்ருதிக்கு அவர்கள் ஏற வேண்டும், தபலாவின் நடைக்கு அவர்கள் நடக்க வேண்டும். வயலில் நடை என்பது நாற்று முடியிலிருந்து கை பிரித்துச் சேற்றில் ஊன்றுகிற வேகம். அது மணிக்கு மணி மாறும். தபலா மாறாது.

வரப்பில் பதிந்த கேசட்டோடு ஒப்பிட்டால், ஸ்டூடியோவில் அவர்கள் ஒன்றரைக் கட்டை உயர்த்திப் பாடியிருப்பதாகத் தெரிகிறது. ஆனால் இதைச் சான்றாக வைக்க நான் தயங்குகிறேன். பேட்டரி இளைத்த கேசட் கருவி மெதுவாகப் பதியும், சரியான வேகத்தில் போட்டால் ஸ்ருதி ஏறிக் கேட்கும். டாஸ்கம் 38இலோ வேகத்தை 12 சதவீதம் வரை கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. எந்த ஒலிநாடாவும் 'உள்ளது உள்ளபடி' கிடையாது.

4

இந்த இடத்தில் நம் தோழர்கள் உடனே ஒரு முடிவுக்குத் தாவிவிடுவார்கள்: பலதடம் முதலாளியம், ஒற்றை மைக் கேசட்தான் மக்கள் கலை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வரப்புக் கேசட்டைப் போட்டுக் கேட்டபின் அது தகர்ந்தது. மைக் எங்கே வைக்கப்பட்டதோ அங்கே நின்ற இரண்டு குரல்கள்தான் முழுசாகக் கேட்கின்றன. வரிசையின் மறுகோடியில் நின்றவர்கள் காற்றோடு காற்றாக. மைக்கைப் பிடித்தவர் யாருக்குப் பக்கத்தில் நின்றார் என்பதும் ஓர் அதிகாரமே. கலப்பு அங்கேயும் நடந்துவிட்டது, ஆனால் அதைத் திருத்த வழியில்லை.

பிரிப்பது எல்லாச் சமயத்திலும் பகையும் அல்ல. சிம்ஹா அரோம் என்கிற இசையாய்வாளர் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் வேலை செய்தார். அங்கே ஒரு கொம்பு வாத்தியக் குழுவில் ஒவ்வொரு கொம்பும் ஒரே ஒரு ஸ்வரத்தைத்தான் ஊதும். எல்லாம் பின்னிப் பிணைந்துதான் இசை. வெளியாள் காதுக்கு யார் எதை ஊதுகிறார் என்று பிடிபடாது. அரோம் முதல் ஆளை ஊதச் சொல்லிப் பதிந்தார். அதை ஹெட்போனில் கேட்டபடி இரண்டாம் ஆள் ஊத, அதைத் தனியே பதிந்தார். பிறகு மூன்றாம் ஆள். எழுபதுகளில் அவர் விவரித்த இந்த முறை ஸ்டூடியோவின் உத்திதான். ஆனால் வரிசையைச் சொன்னவர்கள் இசைஞர்கள். யார் யாரைக் கேட்டு ஊத வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பதிவானது சரியா என்று தீர்ப்புச் சொன்னதும் அவர்கள்தான். அதே உத்தி, வேறு அதிகார உறவு.

நம் பக்கத்திலும் உதாரணம் இல்லாமல் இல்லை. இன்குலாபின் 'மனுசங்கடா'வை மேடைமேடையாகக் கொண்டுபோன கே.ஏ. குணசேகரன் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் இருந்தவர். 2016இல் மறைந்தார். பறையையும் குரலையும் முன்னே நிறுத்தினால் போதும், மெல்லிசை அலங்காரம் வேண்டியதில்லை என்பதை அவர் மேடைகள் ஒரு தலைமுறைக்குக் காட்டின. ஸ்டூடியோ கேசட்டில் பறை இல்லாததையும் தபலா இருந்ததையும் அன்றைக்கு நம் தோழர்களில் யாரும் கேள்வி கேட்கவில்லை. 'அப்பத்தான் எல்லாரும் கேப்பாங்க' என்பதே விளக்கமாக இருந்தது. 'எல்லாரும்' என்றால் யார்?

5

நாடா தானாகக் காத்திருக்காது. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த பல நாடாக்களில் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. நம் கடற்கரைக் காற்றைச் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட நாடாவை ஆர்வக்கோளாறில் ஓட்டினால் கீச்சென்று ஹெட்டில் ஒட்டி, துகள் பூச்சு உரிந்து வரும். உரிந்தது உரிந்ததுதான். சுமார் 50 டிகிரிக்குச் சற்று மேலான சீரான சூட்டில் பல மணிநேரம் வைத்து ஈரத்தை வாங்கினால் சில வாரங்களுக்கு ஓட்டும் நிலைக்கு வரும். அதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். வீட்டு அடுப்பில் இதைச் செய்யக்கூடாது. அதைவிடப் பழைய அசிடேட் நாடாவுக்கு இந்தச் சூடே எமன்.

எங்கள் ஸ்பூல் டி.பி.எக்ஸ். என்கிற இரைச்சல் குறைப்பியோடு பதிவானது. பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாகச் சுருக்கி, கேட்கும்போது விரிக்கிற முறை அது. விரிக்காமல் கேட்டால் மூச்சுத்திணறுவது போல இருக்கும். நல்லவேளையாக அந்த ரெக்கார்டிஸ்ட் தாளின் மூலையில் இதைக் குறித்திருந்தார். பெண்களின் பெயரை எழுதாத அதே கை, வேகத்தையும் இரைச்சல் குறைப்பியையும் எழுதிவைத்தது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இன்று ஒன்றுமே இல்லை. அவரை வில்லனாக்க என்னால் முடியவில்லை.

சென்னையில் இப்படியான கருவியை இன்னும் உயிரோடு வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய் எட்டுத் தடத்தையும் தனித்தனியாக மாற்றினோம். பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ஒன்றிலிருந்து ஏழு வரை வாயடைத்துவிட்டு எட்டை மட்டும் போட்டேன். சின்ன வயசில் கேட்ட பாட்டு இல்லை அது. குழல் இல்லை, வயலின் இல்லை. ஹெட்போனிலிருந்து கசிந்த தபலா எங்கோ தூரத்தில் டிக்டிக் என்கிறது. அதன்மேல் பன்னிரண்டு பேர். சரணங்களுக்கு நடுவில், கேசட்டில் வயலின் ஓடிய இடத்தில், ஒருவர் இருமுகிறார். இன்னொருவர் தாழ்ந்த குரலில் கேட்கிறார்: "இன்னும் எத்தினி வாட்டிடி பாடணும்? பஸ்சு பூடும்."

அவர்களை ஒதுக்கிய அதே தடுப்புச்சுவர்தான் இத்தனை வருஷம் கழித்து அவர்கள்மேல் போர்த்திய இசையை நீக்கிப் பார்க்கவும் விட்டது. எல்லாம் கலந்த கேசட் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த பஸ் கவலை வயலினுக்குக் கீழே புதைந்தே போயிருக்கும்.

ஆனால் பேரனின் கேள்விக்கு இது பதிலாகவில்லை. பன்னிரண்டு குரல் ஒரே தடத்தில். பிரிக்க முடியாது. 2023இல் பீட்டில்ஸ் குழுவின் 'நவ் அண்ட் தென்' பாட்டுக்காக ஜான் லெனானின் பழைய வீட்டுக் கேசட்டிலிருந்து அவர் குரலைப் பியானோவிடமிருந்து கணினி பிரித்தெடுத்ததை உதாரணம் காட்டினார்கள். குரலையும் பியானோவையும் பிரிப்பது வேறு. ஒரே மெட்டை ஒன்றாகப் பாடும் பன்னிரண்டு பெண்களில் ஒருவரைப் பிரிப்பது வேறு. கணினி ஏதோ ஒன்றைத் தரும். அது ஆயாவின் குரலா, கணினி ஊகித்த குரலா என்று யார் சொல்வது?

6

பதில் வந்தது, மூன்றில் மட்டமான நாடாவிலிருந்து. ஸ்டூடியோ கேசட்டில் மனம் ஒப்பாத இரண்டு தோழர்கள் சில வருஷம் கழித்து ஒரு போர்ட்டாஸ்டூடியோவை இரவல் வாங்கி பாகூருக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரம், நான்கு மைக். பன்னிரண்டு பேரில் அன்றைக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். மூன்று மூன்று பேராக நிற்க வைத்து ஒவ்வொரு மூவருக்கும் ஒரு தடம். நாலாவது பறைக்கு. எல்லோரும் ஒரே வேளையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி பாடினார்கள். இரைச்சல் நிறைய. பறையின் அடியில் நாடா நிரம்பி விளிம்பு மழுங்குகிறது. ஒரு தடத்தின் குரல் இன்னொன்றில் தாராளமாகக் கசிகிறது. ஸ்டூடர்காரர்கள் இதைக் குப்பை என்பார்கள்.

ஆனால் இந்தக் குப்பையின் இரண்டாம் தடத்தைப் போட்டபோது பேரனின் அம்மா கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். "இது எங்கம்மா. மூச்சு வாங்கறாங்க பாரு, ரெண்டாவது அடி முடியச்சொல்ல. அப்பவே இழுப்பு இருந்துது." மூன்று குரலில் ஒன்று. இயந்திரம் பிரிக்கவில்லை, மகளின் காது பிரித்தது. அவரே மற்ற இரண்டு பேரையும் சொன்னார். பிறகு முதல் தடம், மூன்றாம் தடம். ஒன்பது பெயர்களும் வந்துவிட்டன.

ஆகவே கருவிகளை ஒப்பிடும்போது இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். ஒன்று கருவியின் தரம்: அகலம், வேகம், இரைச்சல், கசிவு. இதில் ஸ்டூடர் மேல், டாஸ்கம் அடுத்தது, கேசட் கீழே. சந்தேகமில்லை. இன்னொன்று தடப் பங்கீடு: யாருக்கு எத்தனை, எந்த வரிசையில், யார் கேட்க யார் பாடுவது. இந்த இரண்டாவதைக் கருவி தீர்மானிப்பதில்லை. இருபத்துநாலு தடம் இருந்திருந்தாலும் அந்தத் தாளில் பெண்களுக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைத்திருக்கும், மிச்சத்தில் இன்னும் நான்கு வயலின் ஏறியிருக்கும். நிலம் கூடினால் பங்கு தானாகக் கூடும் என்பதை பாகூரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

பாகூருக்கு ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு ஒன்று உண்டு. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்வது. அந்த ஊர்களில் நாற்று நட்டவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. செப்பேட்டில் இடமில்லை என்று சொல்லலாம். நம் காசெட்டிலுமா இடமில்லை?

நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் நாடாவோ கேசட்டோ வைத்திருக்கும் தோழர்கள் தயவுசெய்து எதிலும் போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் பெட்டியைப் படியுங்கள். வேகம், தடங்கள், இரைச்சல் குறைப்பி, நாடாவின் ரகம் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது ஒவ்வொரு தடத்தையும் தனியாக மாற்றுங்கள், கலந்த வடிவத்தோடு திருப்தியடையாதீர்கள். பாடியவர்கள் வீட்டில் கேட்காமல் புது இசை சேர்க்காதீர்கள். போட்டுக் கேட்கும்போது அந்த ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருக்கட்டும், கையில் ஒரு பேனாவோடு.

ஸ்டூடியோத் தாளின் நகலில் எட்டாவது கட்டத்தில் இப்போது ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. பேரன் எழுதியது. இங்கே அவற்றை அச்சிடவில்லை, அவர்கள் வீடுகளில் இன்னும் கேட்டு முடிக்கவில்லை. தாழ்வாரத்துக்கு வராத மூன்று பேருடைய குரல் எட்டாவது தடத்தில் மட்டும்தான் இருக்கிறது. பஸ் போய்விடுமே என்று கேட்டவர் அந்த மூவரில் ஒருவராக இருக்கலாம். அடுத்த மாதம் நடவு முடிந்ததும் அந்தத் தடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பாகூருக்குப் போகிறோம்.